காலைக் குளிரில் விழுந்த கதவு

நம்மைச் சுற்றி எத்தனையோ பொருட்கள் ஓசையின்றி நமக்கு உதவி செய்துகொண்டிருக்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்யும்வரை அவற்றின் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை. ஒருநாள் அவை கைவிட்ட பின்னரே, "இது என்ன? இத்தனை காலமும் எப்படி வேலை செய்தது?" என்று வினவத் தொடங்குகிறோம். எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. அந்த அனுபவத்தையும், அதன் பின்னர் நான் அறிந்துகொண்டவற்றையும் சக மாணவியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற மார்கழி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் சென்றிருந்தோம். எங்கள் சின்ன மாமாவிடம் 1994ஆம் ஆண்டில் தயாரான டொயோட்டா லாண்ட் குரூசர் ஒன்று உண்டு. 80 வரிசை என்று அழைக்கப்படும் இவ்வகை வாகனம் 1990ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசை செல்வதால் மலைப்பாதையிலும் சேற்றிலும் தயங்காது ஏறும். மாமாவின் வண்டியில் பின்கதவு இரண்டு பாதிகளாக அமைந்துள்ளது. கீழ்ப்பாதி கீழ்நோக்கி மடிந்து ஒரு வாங்கு போல நிற்கும். கண்ணாடி பொருந்திய மேற்பாதி மேல்நோக்கித் தூக்கப்பட்டுக் கூரைபோல நிற்கும்.

திரும்பும் நாள் அதிகாலையில் புற்தரை முழுவதும் பனி. மாமா பின்கதவைத் தூக்கிவிட்டுப் பைகளை எடுக்க உள்ளே போனார். அம்மம்மா தமது சால்வையைத் தேடி வண்டிக்குள்ளே குனிந்தார். அவர் நிமிர்ந்த வேளையில், உயர்ந்து நின்ற கதவு மெல்லத் தாழ்ந்து, பின்னர் திடீரென விழுந்தது. அதன் விளிம்பு நெற்றியிற் பட்டது. வைத்தியசாலையில் 4 தையல்கள் போட்டார்கள். கண்ணுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் காயம். இன்னும் சற்றுக் கீழே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி அம்மா வழி நெடுகிலும் வாய் திறக்கவில்லை.

"மாமா, முந்தநாள் கொழும்பில் சாமான் ஏற்றும்போது இந்தக் கதவு நின்றதுதானே? இன்றைக்கு ஏன் விழுந்தது?" என்று கேட்டேன்.

"பழசாய்ப் போச்சுது, பிள்ளை" என்றார் மாமா. வீட்டுக்கு வந்ததும் தும்புத்தடியின் கம்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கதவைத் திறந்தால் அந்தக் கம்பை முட்டுக் கொடுப்பதே வழக்கமாயிற்று.

பாடசாலை தொடங்கியதும் இந்நிகழ்ச்சியை எங்கள் பௌதிகவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கூறினேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "பழசு என்றால் அது கொழும்பிலும் பழசுதானே, பிள்ளை? அங்கே நின்றது இங்கே ஏன் விழுந்தது? விடை உமது பாடக் கொப்பியிலேயே இருக்கிறது. தேடிப் பாரும்" என்றார். தேடினேன். கண்டவற்றை இனிக் கூறுகின்றேன்.

வாயுத் தாங்கி என்றால் என்ன?

லாண்ட் குரூசர் போன்ற வாகனத்தின் பின்கதவைத் திறந்தால், இரு பக்கங்களிலும் கறுப்பு நிறக் குழாய் ஒவ்வொன்று இருப்பதையும், அதற்குள்ளிருந்து பளபளப்பான மெல்லிய தண்டு ஒன்று வெளியே நீள்வதையும் காணலாம். கதவு மூடும்போது தண்டு குழாய்க்குள் ஒளிந்துகொள்ளும். திறக்கும்போது வெளியே வந்து கதவைத் தள்ளிப் பிடிக்கும். கராஜ்காரர் இதனைக் 'காஸ் ஷொக்' என்றும் 'டிக்கி ஷொக்' என்றும் அழைப்பர். இக்கட்டுரையில் இதனை வாயுத் தாங்கி எனக் குறிப்பிடுகின்றேன்.

ஜெர்மனியிலுள்ள ஸ்டாபிலஸ் என்னும் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் இவற்றைப் பெருந்தொகையாகத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் கனமான மூடிகளைச் சுருள்வில்லோ கம்போ தான் தாங்கி நின்றது. இன்று மோட்டார் வாகனங்களில் மட்டுமன்றி, அலுவலக நாற்காலிகளிலும், வைத்தியசாலைக் கட்டில்களிலும், சமையலறை அலுமாரிகளிலும் வாயுத் தாங்கி இருக்கின்றது.

உள்ளே நடப்பது என்ன?

குழாய்க்குள்ளே நைதரசன் வாயு மிகுந்த அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். நாம் சுவாசிக்கும் வளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே. அது எளிதில் தீப்பற்றாது; இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யாது. ஆகவேதான் அதனைத் தெரிந்தெடுத்தனர். வாயுவோடு சிறிதளவு எண்ணெயும் உள்ளே உண்டு. தண்டின் உள்முனையில் ஒரு பிஸ்டன் பொருத்தப்பட்டிருக்கும். தண்டு வெளியே வரும் வாயிலில் இறப்பரால் ஆன அடைப்பு ஒன்று வாயுவைக் காவல் காக்கும்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பில், வளி பிஸ்டனின் ஒரு பக்கத்தில் மட்டுமே அமுக்கப்படுகிறது. வாயுத் தாங்கியிலோ பிஸ்டனில் ஒரு சிறு துளை இருக்கின்றது. அதன் வழியே வாயு இரு பக்கமும் போய் வரும். எனவே இரு பக்கமும் அமுக்கம் ஒன்றே. அப்படியானால் தண்டு ஏன் வெளியே தள்ளப்படுகிறது?

விடை பரப்பளவில் உள்ளது. பிஸ்டனின் ஒரு முகம் முழுவதும் வாயுவை நோக்கி இருக்கின்றது. மறு முகத்தின் நடுப்பகுதியைத் தண்டு பிடித்துக்கொள்வதால், அந்த இடத்தில் வாயு அமுக்க முடியாது. ஆகவே தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவோ, அவ்வளவுக்கு ஒரு பக்கத்தின் தள்ளுதல் மிஞ்சி நிற்கின்றது. அந்த மிச்சமே கதவைத் தாங்கும் விசையாகும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தண்டின் விட்டம் 8 மில்லிமீற்றர் என்று கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மில்லிமீற்றர். உள்ளேயுள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 100 மடங்கு எனில், ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலும் ஏறத்தாழ 10 நியூற்றன் விசை. பெருக்கினால் 500 நியூற்றன். இது ஏறத்தாழ 50 கிலோகிராம் அரிசி மூட்டையின் பாரம்! ஒரு பேனையின் தடிப்பே உள்ள தண்டு ஒரு மூட்டை அரிசியைத் தாங்குகின்றது.

சுருள்வில்லை அமுக்க அமுக்க அதன் எதிர்ப்பு வேகமாகக் கூடிக்கொண்டே போகும். வாயுத் தாங்கியில் தண்டு முழுவதும் உள்ளே போனாலும் விசை கால்பங்கோ மூன்றிலொரு பங்கோ தான் கூடும். தண்டு உட்புகும்போது வாயுவுக்குள்ள இடம் சிறிதளவே குறைவதுதான் காரணம். இடம் குறைந்தால் அமுக்கம் கூடும் என்பது 1662ஆம் ஆண்டில் ரொபேட் பொயில் வெளியிட்ட விதியன்றோ? துளை வழியே வாயுவும் எண்ணெயும் மெதுவாகவே ஓடுவதால், கதவு பாய்ந்து எழாமல் நிதானமாக உயர்ந்து நிற்கிறது.

கதவு விழுந்த காரணம்

மலையில் வளி ஐதாக இருப்பதுதான் காரணம் என்று முதலில் நான் எண்ணினேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தபோது அந்த எண்ணம் பிழையென்று தெரிந்தது. வெளிவளி தண்டை உள்நோக்கித் தள்ளும் விசை கொழும்பில் வெறும் 5 நியூற்றன். மலையில் அது ஏறத்தாழ 4 நியூற்றனாகக் குறையும். அதாவது, மலையின் உயரம் கதவுக்கு மிகச் சிறிய உதவியையே செய்கிறது, தீங்கு செய்யவில்லை.

உண்மைக் காரணம் குளிர். அடைபட்ட வாயுவின் அமுக்கம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகித சமன் என்று படித்திருக்கிறோம். கொழும்பில் பகல் 30 பாகை செல்சியஸ், அதாவது 303 கெல்வின். நுவரெலியாவில் மார்கழி அதிகாலை 10 பாகை, அதாவது 283 கெல்வின். 283ஐ 303ஆல் வகுத்தால் 0.934. இரவு முழுவதும் குளிரில் நின்ற வண்டியின் வாயுத் தாங்கி தன் விசையில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கை இழந்துவிடுகிறது.

இந்தச் சிறு குறைவு ஒரு கதவை விழுத்துமா? விழுத்தும். கணக்கிற்காகக் கதவின் திணிவு 20 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் பாரம் ஏறத்தாழ 200 நியூற்றன். அப்பாரம் பிணைச்சலிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில் கீழ்நோக்கி இழுக்கின்றது. வாயுத் தாங்கிகளோ பிணைச்சலுக்கு மிக அருகிலிருந்து, 12.5 சென்ரிமீற்றர் செங்குத்துத் தூரத்தில் தள்ளுகின்றன. தூரம் நான்கிலொன்று என்றால் விசை நான்கு மடங்கு வேண்டும். இரண்டும் சேர்ந்து 800 நியூற்றன். ஒவ்வொன்றும் 400 நியூற்றன்.

புதிய தாங்கி 500 நியூற்றன் உடையது என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை. அந்த அளவு 20 பாகையில் குறிக்கப்படுவது வழக்கம். 10 பாகையிலும் அது 483 நியூற்றனைத் தரும். ஆனால் பல ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்து, கொழும்பின் வெப்பத்தில் 420 நியூற்றன் மட்டுமே தரும் தாங்கியை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் 420 என்பது 400ஐ விடக் கூட, கதவு நிற்கும். நுவரெலியாக் குளிரில் அது 392 ஆகிவிடும். 400க்கு 8 குறைவு. கதவு விழும்.

எங்கள் வண்டியின் சரியான அளவுகள் இவையல்ல; ஆயினும் நடந்தது இதுவே. கதவு நுவரெலியாவில் பழுதாகவில்லை. கொழும்பிலேயே பழுதாகித்தான் இருந்தது. வெப்பம் அதனை மறைத்து வைத்தது. குளிர் அதனை வெளிப்படுத்தியது. இந்த விடையைக் கொண்டுபோய்க் காட்டியபோது அருட்சகோதரி சிரித்துக்கொண்டே, "இனி அந்தத் தும்புத்தடியை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்" என்றார்.

ஏன் தளர்கின்றது?

எந்த அடைப்பும் முற்றும் அடைப்பதில்லை. இறப்பர் அடைப்பின் ஊடாக வாயு மிகமிகச் சிறிதளவாக ஆண்டுதோறும் கசிந்துகொண்டே இருக்கும். அது இயற்கை. ஆனால் நமது கவனக்குறைவு அதனை விரைவுபடுத்துகிறது. பளபளப்பான தண்டின் மேல் மணலும் தூசியும் படிந்தால், கதவை மூடும்போது அவை அடைப்பைத் தேய்த்துவிடும். சாமான் ஏற்றும்போது தண்டில் ஏதேனும் உராய்ந்து கீறல் விழுந்தால், அக்கீறல் ஒவ்வொரு முறையும் அடைப்பை அரம்போல் அராவும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும். நீண்டகாலம் ஓடாமல் நிற்கும் வண்டியில் அடைப்பு எண்ணெய்ப் பசை இன்றி உலர்ந்துபோகும்.

பராமரிக்கும் முறை

வாயுத் தாங்கியைத் திறந்து பழுது பார்க்க இயலாது. ஆனால் அதன் ஆயுளைக் காக்கலாம். அது தளர்வதை முன்கூட்டியே அறியலாம். மாதம் ஒருமுறை 5 நிமிடம் போதும்.

முதலாவதாக, கதவை முழுவதும் திறந்து, தண்டுகளை உலர்ந்த சுத்தமான மென்துணியால் துடைக்க வேண்டும். பலர் இங்கே எண்ணெயோ கிறீசோ பூசுவர். அது தவறு. எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டிக்கொள்ளும். அத்தூசியே அடைப்புக்குப் பகை. வண்டிக்கு நிறம் பூசும்போது தண்டில் நிறம் படாதபடி மூடவேண்டும்.

இரண்டாவதாக, தண்டு குழாய்க்குள் நுழையும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் ஈரம் தெரிந்தால் அடைப்பு விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்பது பொருள். கீறல், துரு, வளைவு என்பனவும் கெட்ட அறிகுறிகளே.

மூன்றாவதாக, கதவைச் சோதிக்க வேண்டும். முன்னர் தானாக எழுந்த கதவை இப்போது கையால் தள்ள வேண்டியிருக்கிறதா? திறந்து நிற்கும் கதவு சில நிமிடங்களில் சிறிதாவது தாழ்கிறதா? ஒரு பக்கம் மட்டும் சரிகிறதா? இச்சோதனையை நண்பகலில் செய்யாது, குளிர்ந்த அதிகாலையில் செய்வதே நன்று. காரணத்தை மேலே கண்டோம். சோதிக்கும்போது கதவின் கீழே எவரும் நிற்கலாகாது.

நான்காவதாக, கதவை நடுவில் பிடித்து நிதானமாக மூடப் பழக வேண்டும். ஒரு மூலையைப் பிடித்து அடித்து மூடினால் கதவு முறுகி, இரு தாங்கிகளும் சமமாக உழைக்கமாட்டா.

மாற்றும் முறை

அறிகுறி கண்டால் தாமதிக்கலாகாது. கடையில் வாங்கும்போது நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும். முழுவதும் நீண்டபோது ஒரு முனையின் நடுவிலிருந்து மறு முனையின் நடுவரை உள்ள நீளம். தண்டு உட்செல்லும் தூரம். குழாயில் நியூற்றன் கணக்கில் அச்சிடப்பட்டுள்ள விசை. இரு முனைகளின் அமைப்பு. குழாயிலுள்ள எழுத்து அழிந்திருந்தால், வண்டியின் வரிசை, ஆண்டு, அடிச்சட்ட இலக்கம் ஆகியவற்றைச் சொல்லிக் கேட்கலாம். "பலம் கூடியது நல்லது" என்று எண்ணிப் பெரிய விசையுடையதை வாங்குவதும் பிழை. அது மூடிய கதவை எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும், பிணைச்சலை வளைக்கும், திறந்தவுடன் கதவு துள்ளி எழுந்து முகத்தில் அடிக்கவும் கூடும். பழைய வாகனங்களை உடைக்கும் இடங்களிற் கிடைக்கும் தாங்கிகள் மலிவானவை. ஆனால் அவையும் நம்முடையவற்றைப் போலவே மூப்படைந்தவை என்பதை மறக்கலாகாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால், புதியதன் மேல் முழுப் பாரமும் விழும்; கதவும் கோணும்.

நானும் மாமாவும் ஒரு சனிக்கிழமை காலை இவ்வேலையைச் செய்தோம். செய்த ஒழுங்கை அப்படியே தருகின்றேன்.

1. வண்டியைச் சமதரையில், காற்று வீசாத இடத்தில் நிறுத்தி, கைத்தடுப்பை இட்டோம். சிறுவர்களை அப்பால் அனுப்பினோம்.

2. கதவை முழுவதும் உயர்த்தி, அளவாக அறுத்த தடித்த மரச்சட்டம் ஒன்றை முட்டுக் கொடுத்தோம். அதன் தலையில் துணி சுற்றினோம். வழுவழுப்பான தும்புத்தடிக் கம்பு இதற்கு ஆகாது, அது நழுவும். சட்டம் இருந்தபோதிலும் மாமா இரு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். இவ்வேலைக்கு இருவர் வேண்டும் என்பது விதி.

3. பழைய தாங்கியின் தண்டு எந்த முனையில் உள்ளது, குழாய் எந்த முனையில் உள்ளது என்பதைத் தாளில் வரைந்துகொண்டேன்.

4. பெரும்பாலான தாங்கிகளின் முனையில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும். அது உலோகக் குண்டு ஒன்றின்மேல் அமர்ந்திருக்கும். கிண்ணத்தின் பின்புறமுள்ள கம்பிக் கவ்வியைத் தட்டைத் திருப்புளியால் சிறிதளவு நெம்பிக்கொண்டு இழுத்தால் கழன்றுவிடும். கவ்வியை முழுவதும் பிடுங்கத் தேவையில்லை. சில வண்டிகளில் முனைகள் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றிற்கு ஸ்பனர் வேண்டும். எதுவாயினும் கதவு முழுவதும் திறந்திருக்கும்போதே கழற்ற வேண்டும். அப்போதுதான் தண்டு முழுவதும் நீண்டு, மேலும் தள்ள இடமின்றி அமைதியாக இருக்கும். பாதி திறந்த நிலையில் கழற்றினால் அது பாய்ந்து அடிக்கும்.

5. உலோகக் குண்டைத் துடைத்து, அதற்கு மட்டும் துளி கிறீஸ் பூசினேன். பின்னர் புதிய தாங்கியை, பழையது இருந்த திசையிலேயே வைத்து அழுத்தினேன். 'டிக்' என்ற ஓசையோடு அமர்ந்தது. இழுத்துப் பார்த்து உறுதி செய்தேன். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருப்பதே பொது விதி. அப்போதுதான் உள்ளேயுள்ள எண்ணெய் அடைப்பின்மேல் தங்கி அதனை உலராமற் காக்கும்.

6. ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொட்டோம். தண்டைக் குறட்டினால் பிடிக்கவில்லை. புதிய தாங்கியைக் கையால் அமுக்கிப் பார்க்க முயன்றேன், அசையவே இல்லை. 50 கிலோகிராம் அன்றோ!

7. முட்டுச் சட்டத்தை எடுத்து, முதல் முறை கதவை மிக மெதுவாக மூடினோம். தாங்கியின் நீளம் பிழையென்றால், கதவு மூடுமுன்னரே அது முட்டிக்கொள்ளும். அந்நிலையில் பலவந்தமாக அழுத்தினால் பிணைச்சல் வளையும், கண்ணாடியும் உடையலாம். எங்கள் கதவு தடையின்றி மூடியது. திறந்ததும் கண்ணியமாக எழுந்து நின்றது.

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது.

பழையதை என்ன செய்வது?

தளர்ந்த தாங்கி வெறுமையானது என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் கணக்கின்படி பார்த்தால், கதவைத் தாங்க முடியாத தாங்கிக்குள்ளும் வளிமண்டல அமுக்கத்தின் 80 மடங்குக்கு அண்மித்த வாயு இன்னும் அடைபட்டிருக்கும். அதனை அரிவதும், துளையிடுவதும், சுத்தியலால் அடிப்பதும், ஒட்டுவேலைக்குப் பயன்படுத்துவதும், குப்பையோடு தீயிலிடுவதும் உயிருக்கே ஆபத்தானவை. பழைய இரும்பு வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுப்பதும் நீதியன்று. மாற்றும் பணியைச் செய்யும் கராஜிடமே ஒப்படைத்து, உள்ளே வாயு உண்டு என்று சொல்லிவிட வேண்டும். சிறுவர் விளையாட எடுக்காத இடத்தில் அதுவரை வைத்திருக்க வேண்டும்.

முடிவாக ஒரு வார்த்தை

இது லாண்ட் குரூசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம்மிற் பலர் நாள்தோறும் பாடசாலை வானில் வருகிறோம். வானின் பின்கதவும் மேல்நோக்கித் திறந்து, இதே வாயுத் தாங்கிகளால் நிற்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அதன் கீழே நின்றுதான் நாம் புத்தகப் பைகளை எடுக்கின்றோம். முதலாம் வகுப்புத் தங்கைமார் எட்டி எட்டி எடுக்கின்றனர். அடுத்த முறை அக்கதவை ஒரு கணம் நிமிர்ந்து பாருங்கள். அதற்கு ஒரு தடி முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தால், சாரதி அண்ணரிடம் பணிவோடு கேளுங்கள். பெற்றோரிடமும் சொல்லுங்கள். தடி என்பது பரிகாரம் அன்று; பழுது உண்டென்று அறிவிக்கும் அடையாளமே அது.

நாங்கள் வேலை முடித்து எழுந்தபோது அம்மம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றித் தழும்பு இன்னும் சிவந்தே இருந்தது. "உதை முந்தியே செய்திருக்கலாமே, தம்பி?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா தலை குனிந்தார். பின்னர் என்னைக் காட்டி, "இவள் கேள்வி கேட்டபிறகுதான் எனக்கும் விளங்கினது, அம்மா" என்றார்.

தும்புத்தடிக்குக் கம்பு திரும்பக் கிடைத்தது. அம்மா அன்று மாலையே அதனால் முற்றத்தைக் கூட்டினார்.

— உயர்தர வகுப்பு, கணிதப் பிரிவு மாணவி